தொன்மைப் பனிக்கூழ்

நான் ஒரு மடையன். இதை முதல் வரியிலேயே சொல்லி வைத்துவிட்டால் வாசிப்பவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்துக் களைக்கத் தேவையில்லை. என் மனிசிக்கு அதைக் கண்டுபிடிக்கக் கலியாணம் முடிந்து ஒரு கிழமை எடுத்தது. அதுவும் அந்தக் கிழமை எனக்குக் கடும் தடிமன், வாய் திறக்கவில்லை. இல்லாவிட்டால் தாலி கட்டின கையோடேயே பிடித்திருப்பாள்.

சாதாரண மடையன் என்றால் பரவாயில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பான். நான் பிரெஞ்சு தெரிந்த மடையன். அதுவும் குசினியில் படித்த பிரெஞ்சு. பாரிசுக்கு வந்த புதிதில் றெஸ்ரோறன்ற் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவினேன், பிறகு வெங்காயம் உரித்தேன், பிறகு அடுப்படிக்கு உயர்த்தினார்கள். இந்த நாட்டு மொழியில் எனக்குத் தெரிந்த சொல்லெல்லாம் சட்டிக்கும் தாச்சிக்கும் நடுவில் பொறுக்கினவை. அதனால் எந்தப் பிரெஞ்சுச் சொல் காதில் விழுந்தாலும் என் மூளை அதைத் தூக்கி ஒரு தட்டில் வைத்து மேலே கொத்தமல்லி தூவிவிடும்.

மகள் சின்ன வகுப்பில் இருந்தபோது ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்கள் பிள்ளைக்கு 'அடிசியோன்' சரிவரவில்லை என்றார். அவர் சொன்னது கூட்டல் கணக்கை. எனக்குத் தெரிந்த அடிசியோன், சாப்பிட்டு முடிய மேசைக்கு வரும் பில். எந்த றெஸ்ரோறன்றில் கட்டாமல் வந்துவிட்டாள் என்று பதறிப்போய்க் கேட்டேன். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்து விஷயம் முழுக்க மனிசி பொறுப்பு.

என் அக்கா பாரிசுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கொண்டாட்டம் ஒன்று வந்தால் அக்காதான் முதலமைச்சர். சாப்பாடு இன்னாருக்கு, சோடினை இன்னாருக்கு, வீடியோ இன்னாருக்கு என்று ஆட்களுக்கு இலாகா பிரித்துக் கொடுப்பாள். நான் மட்டும் கன காலமாய் இலாகா இல்லாத மந்திரி. அதற்குக் காரணம் ஒரு ஐயர். அக்காவின் புது வீட்டுக் குடிபூரலுக்கு, பாரிசில் எங்கட கடைத்தெருவான லாச்சப்பலில் இருந்து வரும் ஐயரைக் கார் து நோர்ட் ஸ்டேசனில் ரயில் ஏற்றிவிடும் வேலையை எனக்குத் தந்திருந்தாள். நானும் அவருடைய பையைத் தூக்கி, இடம் பிடித்து, யன்னல் ஓரமாய் இருத்தி, கைகாட்டி அனுப்பினேன். சார்செலுக்குப் போவது D ரயில், D என்றுதான் அந்த ரயிலிலும் எழுதியிருந்தது. அது தெற்குப் பக்கம் போகும் D. சார்செலில் ஓமகுண்டம் புகைந்துகொண்டிருக்க, ஐயர் மெலனில் இறங்கி நின்று ரெலிபோன் எடுத்தார்.

இந்த வருசம் அத்தானுக்கு அறுபதாவது பிறந்தநாள். மண்டபம் எடுத்து, ஊரைக் கூட்டிச் செய்வதென்று அக்கா முடிவெடுத்தாள். அத்தான் வேண்டாம் என்றார். அதை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அக்காவின் உண்மையான கவலை லண்டன் மச்சாள். அத்தானின் தங்கச்சி. தன் புருசனின் அறுபதுக்கு அவள் மண்டப நடுவில் ஒரு சொக்கலேற் அருவி வைத்தாள். மேலிருந்து கீழே பாலும் கறுப்புமாய்ச் சொக்கலேற் ஊற்றிக்கொண்டே இருந்ததாம், பழத்தைக் குத்தி அதில் தோய்த்துச் சாப்பிட்டார்களாம். அங்கே போய்வந்த சனம் அதற்குப் பிறகு வேறு கதை கதைக்கவில்லை. அக்காவின் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே அந்த அருவியைப் பற்றிக் கதைத்தார்கள். அது அவளுக்கு ஆறாத காயம். தன் வீட்டுக் கொண்டாட்டத்தில் ஒருத்தரும் எங்கும் காணாத ஒன்று இருக்கவேண்டும், மச்சாள் வாயைத் திறந்தபடி லண்டனுக்குத் திரும்பவேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இனிப்பை நான் பார்க்கிறேன் என்று கையைத் தூக்கினேன். அக்கா என்னைப் பார்த்து, "ஐயர்" என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள். அத்தான்தான் எனக்காகப் பரிந்தார். பாவம், ஐஸ்கிறீம் தானே, அது பிழையான ரயிலில் ஏறாது என்றார். அக்கா நெடுநேரம் யோசித்துவிட்டு ஐஸ்கிறீம் இலாகாவை என்னிடம் தந்தாள். கடைப்பெட்டி ஐஸ்கிறீம் கொண்டுவந்தால் வாசலோடு திருப்பிவிடுவேன் என்றாள். இதிலும் பிழைவிட்டால் இனிமேல் தன் வீட்டில் ஒரு கதிரையைக்கூட நகர்த்த விடமாட்டேன் என்றாள்.

நான் இப்போது வேலை செய்வது லாச்சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில். மீன் பிறீசர் என் பொறுப்பு. அதன் அடியில் ஐஸ் பாறையாய் இறுகிப்போய் மூடி சாத்த ஏலாமல் கிடந்தது. கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் இடுப்பு வரைக்கும் உள்ளே குனிந்து தட்டகப்பையால் கொத்திக்கொண்டிருந்தேன். வெளியே என் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்திருக்கும். அந்தப் பின்பக்கத்தைப் பார்த்து ஒரு குரல், "அண்ணா, அப்படிக் கொத்தாதீங்க, லேயரெல்லாம் கலைஞ்சுடும்" என்றது.

நிமிர்ந்தேன். தோளில் பை, கையில் கறிவேப்பிலைக் கட்டு, முப்பது வயசு வராத ஒரு பிள்ளை. பேச்சு இந்தியப் பேச்சு. கோயம்புத்தூர் என்று பிறகு சொன்னாள். எங்கள் கடைக்கு வருகிற சனம் ஐஸை விலத்திவிட்டு மீனைப் பார்க்கும். இவள் மீனை விலத்திவிட்டு ஐஸைப் பார்த்தாள். அதைவிடப் பெரிய விஷயம், என்னை அண்ணா என்றது. என் தலையைக் கண்ட இந்தியப் பிள்ளைகள் வழக்கமாய் 'அங்கிள்' என்றுதான் தொடங்குவார்கள். அண்ணா என்று சொன்ன பிள்ளை அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் நம்புவதற்கு நான் தயாராய் இருந்தேன்.

ஐஸைப் பற்றித் தெரியுமோ என்று கேட்டேன். தன் வேலையே அதுதான், கிளேசியர் ஐஸ் என்றாள்.

இங்கேதான் என் குசினிப் பிரெஞ்சு குறுக்கே வந்து விழுந்தது. பிரெஞ்சில் கிளாஸ் என்றால் ஐஸ். ஐஸ்கிறீமுக்கும் கிளாஸ் என்றுதான் பெயர். கிளாசியே என்றால் துருவத்திலும் மலையிலும் கிடக்கிற பனியாறு. ஐஸ்கிறீம் செய்து விற்கிற ஆளையும் கிளாசியே என்றுதான் சொல்வார்கள். எழுத்தும் ஒன்று, சத்தமும் ஒன்று. பனியாறு எதுவும் எங்கள் றெஸ்ரோறன்றுக்குச் சாப்பிட வந்ததில்லை, ஆகவே எனக்கு இரண்டாவது கருத்து மட்டும்தான் தெரியும்.

நான் என்ன செய்தேன் என்றால், அவளுடைய உச்சரிப்பைத் திருத்தினேன். கிளேசியர் இல்லைத் தங்கச்சி, இஞ்சை கிளாசியே எண்டு சொல்லவேணும் என்றேன். அவள் நன்றியோடு தலையை ஆட்டினாள். நான் திருத்தினது சரி என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

எத்தனை வருசமாய்ப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலாவது வருசம் என்றாள். எனக்கு அது அதிசயமாய்ப் படவில்லை, இது பாண் சுடுவதற்கே டிப்ளோம் கேட்கிற நாடு. எங்கே படிக்கிறீர்கள் என்றால், லாபோவில் என்றாள். லாபோ என்றால் ஆராய்ச்சிக்கூடம் என்று உங்களுக்குத் தெரியும். கேக் கடைக்காரனும் ஐஸ்கிறீம்காரனும் தங்கள் பின்னறையை லாபோ என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த மாதிரி ஐஸ் என்றேன். ரொம்பப் பழைய ஐஸ், லாபோவில் 'கிளாஸ் ஆன்சியென்' என்று சொல்வார்கள் என்றாள். எனக்கு உடம்பு புல்லரித்தது. இந்த நாட்டுக் கடைகளில் கடுகுப் போத்தல் தொடக்கம் யோகட் வரைக்கும் 'அ லான்சியென்' என்று எழுதியிருப்பான், அந்தக் காலத்து முறைப்படி செய்தது என்று கருத்து. அப்படி எழுதினால் ருசியும் கூட, மதிப்பும் கூட.

பழுதாகாதோ என்று கேட்டேன். பெர்மாஃப்ராஸ்டில் கிடந்தால் எவ்வளவு காலம் என்றாலும் அப்படியே இருக்கும் என்றாள். அதை நான் பிறீசர் கொம்பனியின் பெயர் என்று எடுத்துக்கொண்டேன். கறண்ட் கனக்க இழுக்குமோ என்றேன். அவள் சிரித்துவிட்டு, கறண்டே வேண்டாம், அது தானாகவே குளிராய் இருக்கும் என்றாள். அன்று பின்னேரமே முதலாளியிடம் போய், உந்தப் பழைய பெட்டியை எறிந்துவிட்டு ஒரு பெர்மாஃப்ராஸ்ட் வாங்குங்கோ என்று சொன்னேன். அவர் விசாரிப்பதாகச் சொன்னார்.

கடைசிச் சந்தேகத்தையும் அவளே தீர்த்து வைத்தாள். ஐஸை எந்த வடிவில் எடுப்பீர்கள் என்று கேட்டதற்கு, 'கறோத்' ஆக எடுப்போம் என்றாள். கறோத் என்றால் பிரெஞ்சில் கரட். ஐஸுக்குள் குழாயை இறக்கி, நீளமாய் உருளையாய் வெட்டி எடுக்கிற துண்டுக்கும் அதே பெயர் என்று எனக்கு ஆர் சொன்னது? கரட்டோ என்றேன். ஆமாண்ணா, நீளமா, உருண்டையா இருக்கும், மண் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டி எடுத்துடுவோம் என்றாள். பின்னே, கரட் என்றால் மண் ஒட்டியிருக்கும்தானே. சுரண்டத்தானே வேணும்.

அந்தக்கால முறைப்படி கையால் செய்த கரட் ஐஸ்கிறீம். லண்டன் மச்சாள் தன் சீவியத்தில் கண்டிருக்கமாட்டாள். நான் தட்டகப்பையைக் கீழே வைத்துவிட்டு, எங்கட ஆக்களுக்கு ஒருக்கால் குடுக்க ஏலுமோ தங்கச்சி என்று கேட்டேன்.

அவளுடைய முகம் மலர்ந்துபோனது. "குடுக்கலாமே அண்ணா. இங்கிலீஷ்ல, ஃபிரெஞ்சுல எல்லாம் குடுத்திருக்கேன். தமிழ்ல குடுத்ததே இல்லை."

டாக் குடுக்கிறது, அதாவது சொற்பொழிவு ஆற்றுகிறது என்பது அவளுடைய கருத்து. தமிழ் ஐஸ்கிறீம், பிரெஞ்சு ஐஸ்கிறீம் என்று வேறு வேறு உண்டோ என்று ஒரு கணம் யோசித்தேன். இருக்கும், எங்கள் தேத்தண்ணியும் அவர்கள் தேத்தண்ணியும் ஒன்றில்லையே என்று சமாதானமானேன். இருநூறு பேர் வருவினம் என்றேன். அவ்வளவு பேருக்குக் குடுத்ததில்லை, பயமாய் இருக்கிறது, ஆனால் இருபது நிமிசத்தில் முடித்துவிடுவேன் என்றாள். எங்கள் பந்தியில் இருநூறு பேருக்குத் தண்ணி வைக்கவே அதற்கு மேல் எடுக்கும். கெட்டிக்காரி என்று நினைத்தேன். அவள் கேட்டதெல்லாம் ஒரு பிளக், ஒரு மேசை, ஒரு பெரிய வெள்ளைத் துணி.

வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். மனிசி பள்ளிக்கூடக் கன்ரீனில் வேலை செய்கிறவள், எதையும் மூடியைத் திறந்து பார்க்காமல் நம்பமாட்டாள். ஐஸ்கிறீம் செய்யிறதென்று அந்தப் பிள்ளை தன் வாயால் சொன்னதோ என்று கேட்டாள். கிளாசியே என்று சொன்னவள் என்றேன். ஐஸ்கிறீம் என்ற சொல் வந்ததோ என்று திரும்பக் கேட்டாள். உமக்கு எல்லாத்திலும் சந்தேகம் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் குளிப்பது என் வழக்கம், நான் மிகவும் சுத்தமான ஆள்.

இடையில் அந்தப் பிள்ளையே ஒருநாள் ரெலிபோன் எடுத்து, இருபது ஸ்லைட் போதுமா என்று கேட்டாள். ஸ்லைஸ் என்று என் காதில் விழுந்தது. இருநூறு பேருக்கு இருபது துண்டு எப்படிக் காணும்? இன்னும் கூட்டிக் கொண்டுவாங்கோ தங்கச்சி, எங்கட சனம் ஆசைப்பட்ட சனம் என்றேன். தன் ஆராய்ச்சியில் இவ்வளவு அக்கறையா என்று அவள் மூன்று தரம் நன்றி சொன்னாள். நானும் மூன்று தரம் சொன்னேன்.

கொண்டாட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சார்செல் அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு மண்டபத்தில். வாசலில் பலூன் வளைவு, உள்ளே புகை அடிக்கிற மெசின், ரோல்ஸ், பற்றிஸ், ஆட்டிறைச்சிக் கறி. முன்வரிசையில் அக்காவும் லண்டன் மச்சாளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவர் சீலையை ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர் எங்களுக்குத் தெரிந்த டாக்ஸிக்காரர். காருக்குள் சாதாரணமாய்க் கதைப்பார், மைக்கைக் கையில் எடுத்தால் செந்தமிழ்தான். கிளாஸ் அ லான்சியென் என்று அறிவியுங்கோ என்று நான் எழுதிக் கொடுத்ததை மேடைக்கு ஒவ்வாத சொல் என்று தள்ளிவிட்டு, 'தொன்மைப் பனிக்கூழ்' என்று தானே மொழிபெயர்த்துக்கொண்டார்.

கோயம்புத்தூர்ப் பிள்ளையை ஸ்டேசனில் இருந்து கூட்டிவர மனிசி போனாள். என்னை ரயில் பக்கம் விடமாட்டார்கள். வந்தவளின் தோளில் ஒரு லப்ரொப் பை, வேறொன்றும் இல்லை. நான் வாசலுக்கு ஓடி, சாமான் ஏற்றின வான் எதுவும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, சாமான் எங்கை தங்கச்சி என்றேன். பையைத் தட்டிக்காட்டி, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குண்ணா என்றாள். பிறகு நான் மேசையில் மடிப்பில்லாமல் விரித்து, காகிதக் கோப்பையும் கரண்டியும் அடுக்கி வைத்திருந்த வெள்ளைத் துணியை மெதுவாய் உருவி எடுத்தாள். சுவரில் கட்டவேண்டும், ஒரு கை பிடியுங்கள் என்றாள். பிடித்தேன். கதிரையில் ஏறி நின்று மூலையைக் கட்டியதும் நான்தான். அந்த நேரத்திலாவது விளங்கியிருக்கவேண்டும். கட்டின முடிச்சு இறுக்கமா என்பதில்தான் என் கவனம் இருந்தது.

அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார். தாயகத்தின் சுவை மறவா நெஞ்சங்களே, இதோ இப்பூவுலகில் எவரும் கண்டிராத தொன்மைப் பனிக்கூழ் என்றார். மேடை ஓரத்தில் நின்ற பிள்ளை, தொன்மைப் பனி வரைக்கும் சரி, கூழ் ஏதோ இலங்கை வழக்காக்கும் என்று நினைத்துக் கும்பிட்டாள். லைற் அணைந்தது. புகை அடித்தது. மண்டபத்துச் சிறுவர் எல்லாம் கரண்டியோடு முன்னுக்கு ஓடிவந்து நிலத்தில் இருந்தார்கள்.

துணியில் ஒரு படம் விழுந்தது. சேறு. பெரிய சேற்று மலை, இடிந்து சரிந்து கிடந்தது. நடுவில் கறுப்பு நீலமாய் ஏதோ மினுங்கியது. சொக்கலேற் போலை கிடக்கு என்று லண்டன் மச்சாள் சொல்வது கேட்டது, கொஞ்சம் திருப்தியான குரலில்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நீங்க பாக்கற இந்த ஐஸ் லட்சக்கணக்கான வருஷம் பழசு."

என் பக்கத்தில் நின்ற முதலாளி குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "லட்சமோ? எங்கட பிறீசருக்குள்ளை இதைவிடப் பழசு கிடக்கு."

மற்றப் பக்கத்தில் மகள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, கண்ணால் தண்ணி ஓடச் சிரித்துக்கொண்டிருந்தாள். "பப்பா, அவ கிளாசியே இல்லை. கிளாசியோலோக்" என்றாள். பனியாறுகளை ஆராய்கிற ஆள். அப்போதுதான் கரட்டும் லாபோவும் பெர்மாஃப்ராஸ்டும் ஒவ்வொன்றாய் என் தலைக்குள் கழன்று விழுந்தன. அக்கா முன்வரிசையில் இருந்து மெதுவாய்க் கழுத்தைத் திருப்பினாள். இருட்டிலும் அந்தப் பார்வை என்னைச் சரியாகத் தேடிப் பிடித்தது.

நான் குசினிக்குள் ஓடினேன். ஓடும்போதே பிள்ளையின் குரல் பின்னால் வந்தது. ஒரு காலத்தில் பனி மேலே மேலே விழுந்து இறுகிப் பனியாறாய் ஓடினதாம். பிறகு உலகம் சூடாகிப் பனியாறெல்லாம் பின்வாங்கின நேரம், அங்கங்கே சில துண்டுகள் மேலே மண்ணும் கல்லும் மூடிப் புதைந்துபோனதாம். அந்த ஊர் நிலமே கோடையிலும் அடிவரைக்கும் உறைந்து கிடக்கிற நிலம். அதுதான் பெர்மாஃப்ராஸ்ட். மண் போர்வை மாதிரிப் போர்த்திக்கொள்ள, வெய்யில் காலம் எத்தனையோ வந்துபோயும் உள்ளே ஐஸ் உருகவில்லை. நல்ல விளக்கம். எனக்குத்தான் நின்று கேட்க நேரமில்லை.

மண்டபக் குசினியில் ஒரு பெரிய பிறீசர் நின்றது. மூடியைத் தூக்கினால் உள்ளே வெள்ளைக்காடு. அள்ளி அள்ளி எறிந்தேன். கை விறைத்துப்போனது. அடியில் ஏதோ நிறம் தெரிந்தது. கரண்டிக்காம்பால் கொத்தினேன், அழுத்தினேன், இழுத்தேன். ஐஸ்கிறீம் பெட்டிகள். வனிலா என்று எழுதின பெரிய பெட்டிகள் மூன்று, எந்தக் கொண்டாட்டத்தில் மிஞ்சினதோ. நான் வணங்கும் தெய்வங்களுக்கெல்லாம் அந்த இடத்திலேயே நன்றி சொன்னேன்.

அக்கா வாசலில் நின்றாள்.

"எங்கையடா ஐஸ்கிறீம்?"

நான் பெட்டியை நீட்டினேன். அக்கா வாங்கி மூடியைக் கழற்றினாள். கழற்றிவிட்டு எனக்குக் காட்டினாள். இறால் தலை. இரண்டாவதைத் திறந்தாள். அதுவும் இறால் தலை. தமிழன் பிறீசரில் ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஐஸ்கிறீம் இருந்ததாய்ச் சரித்திரமே இல்லை என்பது பலசரக்குக் கடையில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? மூன்றாவதை அவள் திறக்கவில்லை. இப்ப அவள் போய் லண்டன் முழுக்கச் சொல்லுவாள், ஐஸ்கிறீமுக்குப் பதில் சேறு காட்டினவை என்று, என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. ஐயருக்குக்கூட அக்கா அழவில்லை. எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. நல்ல காலம், வந்திருந்தால் பெட்டி தலையில் விழுந்திருக்கும்.

அப்போது மண்டபத்தில் இருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. என்னவோ என்று இரண்டு பேரும் ஓடினோம்.

கேள்வி நேரம் நடந்துகொண்டிருந்தது. இந்த ஐஸ் எடுத்தது கனடாவின் வடக்கு முனையில் என்று பிள்ளை சொல்லியிருக்கிறாள். கனடா என்ற சொல்லோடு சனம் முழித்துக்கொண்டுவிட்டது. எங்கட சனம் குவிந்திருக்கிற ஸ்காபரோவில் இருந்து எவ்வளவு நேர ஓட்டம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கட ஆக்கள் அங்கை இருக்கினமோ என்று இன்னொருவர். அந்த ஊர்க்காரங்க இருக்காங்க, தமிழாளுங்க இல்லீங்க என்றாள் பிள்ளை. அப்ப வீடு மலிவாய் எடுக்கலாம் என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்க, செவ்ரானில் இருந்து வந்த ஒரு அம்மா எழும்பி, இப்ப அந்த ஐஸுக்கு என்ன நடக்குது பிள்ளை என்று கேட்டார். நிலம் இளகத் தொடங்கிவிட்டது, மலைச்சரிவு இடிகிற இடத்தில்தான் இந்த ஐஸ் வெளியே தெரிகிறது, தெரிந்த கையோடு உருகியும் போகிறது, அதனால் ஓடி ஓடிக் கறோத் எடுக்கிறோம் என்றாள். அந்தத் துண்டை ஒரு கிளாஸ் தண்ணியில் போட்டால், உள்ளே அடைபட்ட அந்தக் காலத்துக் காற்றுக் குமிழி வெடித்து டிக் டிக் என்று சத்தம் கேட்குமாம். சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. இருநூறு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்கிறவர்கள் போல இருந்தார்கள்.

சிறுவர்கள் மட்டும் அங்கே இல்லை. கறோத் எடுக்கிற முறையைப் படத்தில் பார்த்துவிட்டு, குளிர்பானத்து ஸ்ட்றோக்களை எடுத்துக்கொண்டு அத்தானின் பிறந்தநாள் கேக்கைத் துளைக்கப் போயிருந்தார்கள். இறக்கி, திருகி, இழுத்து, மறுபக்கத்தால் ஊதி வெளியே எடுத்து, படை படையாய்க் கிறீம், ஜாம், கேக் என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். அத்தானும் ஒரு ஸ்ட்றோ வைத்திருந்தார். வெட்டுகிற நேரம் அந்தக் கேக் இடியப்பத்தட்டு மாதிரி இருந்தது.

லண்டன் மச்சாள் எழும்பி மைக்கைக் கேட்டு வாங்கினாள். அக்கா என் கையைப் பிடித்தாள், பிடித்தாள் என்றால் நகம் இறங்கப் பிடித்தாள்.

"அண்ணையின்ர பிறந்தநாளுக்கு மச்சாள் இப்பிடி ஒண்டு செய்வா எண்டு நான் நினைக்கவேயில்லை."

அவ்வளவுதான் சொன்னாள். இது புகழ்ச்சியா நக்கலா என்று மண்டபம் முழுக்க யோசித்தது. எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் வசனம் ஒன்றுதான், முகத்தைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும். அக்கா முகத்தைப் பார்த்தாள். மச்சாள் மேடைக்குப் போய் அந்தப் பிள்ளையோடு நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள், உடனேயே அதை வட்ஸ்அப்பில் எங்கோ அனுப்பிக்கொண்டும் இருந்தாள். என் கை விடுபட்டது. அக்கா சீலைத்தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னுக்குப் போனாள். ஐஸ்கிறீம் ஆரும் குடுக்கலாம் மச்சாள், இதுக்குக் கனநாள் பாடுபட்டனாங்கள் என்று அவள் சொல்வது எனக்குக் கேட்டது. 'னாங்கள்' என்று பன்மையில் சொன்னாள். அதில் நானும் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது ரயிலில் பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். மனிசி பக்கத்தில் இருந்து நான் எதையாவது விழுங்கிவிடுகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒரு ஸ்டேசன் தூரம் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். அடடா, மனம் நொந்துவிட்டதோ என்று பயந்தேன். பிறகு, "அப்போ அந்தக் கரண்டியெல்லாம்…" என்று தொடங்கினவள் முடிக்கமுடியாமல் சிரித்து, பெட்டியில் இருந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. தமிழில் இன்னும் எங்கேயாவது குடுக்கச் சொன்னாலும் வருவேன் என்றாள். அடுத்தமுறை என்ன குடுக்கப்போகிறாள் என்பதை மனிசியே கேட்டுக்கொள்வதாய் ஏற்பாடு.

அதற்குப் பிறகு நாலைந்து மாசமாய் நான் நல்ல பிள்ளை. அக்கா வீட்டுக்குப் போனால் சனம் பனியாற்றுப் பேச்சைப் பற்றித்தான் கதைக்கிறது. சொக்கலேற் அருவியை ஒருவரும் எடுப்பதில்லை. அக்காவும் மறக்காமல் மச்சாள் எடுத்த அந்தப் படத்தைக் காட்டுகிறாள். ஆகவே போன கிழமை அக்காவின் மகனுக்குச் சம்பந்தம் சரிவந்து கலியாண எழுத்துக்கு நாள் குறித்ததாகச் செய்தி வந்ததும், நானே ரெலிபோன் எடுத்தேன். வாழ்த்துச் சொன்னேன். மண்டபம் பிடித்தாச்சோ, சாப்பாடு ஆர், வீடியோ ஆர் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. அப்ப எனக்கு என்ன வேலையக்கா, எதெண்டாலும் செய்வன் என்றேன்.

அக்கா இலாகாப் பட்டியலைப் புரட்டுகிற சத்தம் ரெலிபோனில் கேட்டது.

"நீ சாப்பிட மட்டும் வா."